விழுந்தவனை நம்பாத ரெஃப்ரி

கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு ஓடும் ஒரு தனியார் பஸ்ஸில் காத்தவராயன் கண்டக்டர். இந்த உலகத்தில் அவனுக்கு ஒரே ஒரு வகை ஆட்களைத்தான் அறவே பிடிக்காது. நடிக்கிறவர்கள். கடைசி சீட்டில் ஜன்னல் பக்கம் சாய்ந்துகொண்டு, டிக்கெட் என்று கேட்டால் மட்டும் குறட்டை விடுகிறவன். ஏழாவது படிக்கிற பிள்ளையை மடியில் இருத்திக்கொண்டு "அஞ்சு வயசுதாங்க ஆவுது" என்று சாதிக்கிற அம்மா. ஆலப்பாக்கத்தில் தாவி ஏறி உட்கார்ந்துவிட்டு, கைக்குழந்தைக்காரிக்கு இடம் கொடு என்றதும் முழங்கால் வலி வந்துவிடுகிற வாட்டசாட்டமான ஆள். இவர்களோடு வாரத்தில் ஆறு நாள் மாரடித்துவிட்டு, ஏழாவது நாள் கருப்புச் சட்டையும் கருப்பு அரை டிரவுசரும் மாட்டிக்கொண்டு மஞ்சக்குப்பம் மைதானத்துக்குப் போவான். அங்கே அவன் ஃபுட்பால் ரெஃப்ரி. போய்ப் பார்த்தால் அங்கேயும் நடிகர்கள்தான் காத்துக்கொண்டிருப்பார்கள்.

இந்த வெறுப்புக்கு ஒரு நியாயம் இல்லாமல் இல்லை. நெல்லிக்குப்பம் பக்கத்தில் கரும்பு டிராக்டர் ஓட்டியவரின் மகன் அவன். பதினெட்டு வயதிலிருந்து முப்பது வயதுவரை ஊர் டீமில், கோலுக்கு முன்னால் நின்று தடுக்கிற ஸ்டாப்பர் பேக்காக ஆடினான். கோல் அடிக்கிறவனுக்குக் கைதட்டல், ஸ்டாப்பர் பேக்குக்குத் திட்டு என்பது தெரிந்தேதான் ஆடினான். அவனுடைய கர்வமெல்லாம் எதிராளி காலிலிருந்து பந்தைப் பறிக்கிற டேக்கிளில் இருந்தது. பந்தோடு ஓடி வருகிறவனின் முகத்தைப் பார்க்காதே, முகம் பொய் சொல்லும். இடுப்பைப் பார்க்காதே, இந்தக் காலத்தில் இடுப்பும் பொய் சொல்லப் பழகிவிட்டது. பந்தைப் பார். ஓடுகிறவன் காலுக்கும் பந்துக்கும் நடுவில் ஒரு முழம் இடைவெளி எப்படியும் வரும். அப்போது சறுக்கிக்கொண்டு இறங்கு. அதற்கு முன்னால் இறங்கினால் நீ ஏமாளி, பின்னால் இறங்கினால் நீ கசாப்புக்கடைக்காரன். பந்தை எடுத்துக்கொண்டு எழுந்து நிற்கும்போது எதிராளிமேல் உன் தூசிகூடப் பட்டிருக்கக் கூடாது. காத்தவராயன் அப்படித்தான் ஆடினான். அதற்குச் சாட்சியாக அவனது வலது தொடையில் மைதானத்துச் சரளைக்கல் கிழித்த தழும்பு ஒரு சாண் நீளத்துக்கு இருந்தது. கல்யாணமான புதிதில் அவன் மனைவி லோகநாயகி அதைப் பார்த்துவிட்டுத் தீக்காயமா என்று பயந்து கேட்டாள்.

இப்போது ஆடுகிற பேக்குகளை அவன் ஆட்டக்காரர்களாகவே கருதுவதில்லை. சட்டையைப் பிடித்து இழுக்கிறான், முழங்கையால் விலாவில் குத்துகிறான், கார்னர் கிக் வந்தால் துபாயிலிருந்து திரும்பிய மச்சானைப் பார்த்ததுபோல எதிராளியைக் கட்டிப்பிடித்துக்கொள்கிறான். கேட்டால் மார்க்கிங்காம். டேக்கிள் பண்ணத் தெரியாதவன் இழுக்கிறான், ஆடத் தெரியாதவன் விழுகிறான், இரண்டு பேரும் சேர்ந்து ரெஃப்ரியைத் திட்டுகிறார்கள் என்பான்.

முப்பது வயதில் ஆட்டத்தை விட்டுவிட்டு, 2004இல் மாவட்ட ரெஃப்ரி பரீட்சை எழுதித் தேறினான். அந்த வருஷமே ஒரு காரியம் நடந்தது. ஒரு ஃபார்வேர்டு, கோலுக்கு முன்னால் இருக்கும் பாக்ஸுக்குள் பொத்தென்று விழுந்தான். யாரும் அவன் பக்கத்தில் இல்லை. எழுந்திரு, ஆட்டம் நடக்கட்டும் என்று சொல்ல வாயெடுத்த காத்தவராயன், பஸ் பழக்கத்தில் பீப் பீப் என்று இரண்டு விசில் கொடுத்துவிட்டான். பஸ்ஸில் ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு விசில் என்றால் கிளம்பு. ஆட்டக்காரர்கள் எல்லாரும் அவன் பஸ்ஸில் போய் வருகிறவர்கள்தான். இரண்டு விசில் கேட்டதும் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. விழுந்தவன் எழுந்தான், மற்றவர்கள் ஓடினார்கள், ஆட்டம் நடந்தது. அன்றிலிருந்து கடலூர் சிதம்பரம் வட்டாரத்தில் அது ஒரு வழக்கமாகிவிட்டது. ஒரு விசில் ஃபவுல். இரண்டு விசில் என்றால் நடிக்காதே, எழுந்து ஓடு.

ரூல் புத்தகத்தில் இப்படியொரு விதி கிடையாது. விசில் சத்தம் எத்தனை முறை கேட்டாலும் ஆட்டம் நின்றுவிட்டது என்றுதான் புத்தகம் சொல்கிறது. அவனோடு லைன்ஸ்மேனாக வருகிற ராபர்ட், ஓல்டு டவுனில் ஐஸ் ஃபேக்டரியில் வேலை பார்ப்பவன், பலமுறை சொல்லிப் பார்த்தான்.

"மச்சான், இது பஸ் இல்ல. வெளியூர் டீம் எதனா வந்துச்சின்னா நாறிப் பூடும்."

"வெளியூர்க்காரனுக்கு மட்டும் பஸ் கெடையாதா?" என்று கேட்டுவிட்டுக் காத்தவராயன் போய்க்கொண்டே இருந்தான்.

2006இல் உலகக் கோப்பை வந்தது. ராபர்ட் வீட்டு டிவியில் உட்கார்ந்து அவன் பார்த்ததெல்லாம் விழுகிறவர்களைத்தான். ஆறடி ஆள், தேக்கு மரம் மாதிரி தொடை, பக்கத்தில் போகிறவன் சுண்டுவிரல் பட்டதும் மூன்று உருளல், நான்கு உருளல். கணுக்காலில் அடி என்று முகத்தை மூடிக்கொள்கிறான். பெனால்டி கொடுத்தவுடன் எழுந்து மானாக ஓடுகிறான். காத்தவராயனுக்கு ரத்தம் கொதித்தது. இறுதி ஆட்டத்தில் ஒருவன் எதிராளியின் நெஞ்சில் தலையால் முட்டிவிட்டு சிவப்புக் கார்டு வாங்கிக்கொண்டு போனபோது ஊரே உச்சுக்கொட்டியது. காத்தவராயன் மட்டும் தொடையைத் தட்டினான்.

"இந்த முப்பது நாள்ல இவன் ஒருத்தன்தான் யோக்கியமா ஃபவுல் பண்ணான். முட்டணும்னு நெனச்சான், முட்டுனான், கார்ட வாங்கிக்கினு போயிட்டான். எவனா உருண்டானா பாரு."

அந்தக் கோப்பை முடிந்த கையோடு நம் ஊர்ப் பிள்ளைகளும் விழக் கற்றுக்கொண்டார்கள். ஆட்டத்தைக் கற்றுக்கொள்ளப் பத்து வருஷம் ஆகிறது, விழுவதைக் கற்றுக்கொள்ள ஒரு மாதம் போதும். அதில் முதல் மார்க் வாங்கியவன் அன்பரசு. சிதம்பரம் டீமின் ஃபார்வேர்டு, அப்போது அவனுக்கு வயது பத்தொன்பது. நிஜமாகவே ஆடத் தெரிந்தவன். பந்து காலில் ஒட்டிக்கொண்டு வரும். ஆடத் தெரியாதவன் விழுந்தால் பிழைப்புக்காக என்று விட்டுவிடலாம், ஆடத் தெரிந்த இவனுக்கு என்ன கேடு என்பதுதான் காத்தவராயனுக்கு ஆத்திரம்.

அன்பரசு விழுவதில் ஒரு முறை இருந்தது. பாக்ஸுக்குள் நுழைந்ததும் ஓரக்கண்ணால் ரெஃப்ரி எங்கே நிற்கிறார் என்று பார்ப்பான். அப்புறம் இரண்டு கையும் மேலே போகும், வாய் திறக்கும், கால் தானாக மடங்கும். அடிபட்டவன் எவனாவது விலாசம் பார்த்துவிட்டு விழுவானா? காத்தவராயன் ஓடிப் போய் அவன் தலைமாட்டில் நின்று இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்ப்பான்.

"எழுந்திரு. யாரும் உன் பக்கத்துலயே இல்ல."

"சார், கணுக்கால்ல மிதிச்சிட்டான் சார்."

"மிதிச்சது கணுக்கால்ல. நீ ஏன் தலைய புடிச்சிக்கினு கெடக்குற? எழுந்திரு."

இரண்டு விசில். கூட்டம் சிரிக்கும். அன்பரசு நாக்கைக் கடித்துக்கொண்டு எழுவான். ஒருமுறை எழுந்தபின்னும் நொண்டினான், மறுநாள் புதுச்சத்திரத்தில் பஸ் ஏறும்போதும் நொண்டினான், அந்த வாரம் முழுக்க நொண்டினான். "மேட்ச் முடிஞ்சி நாலு நாளாச்சி, இன்னும் வேஷத்தக் கலைக்கல பாரு" என்று காத்தவராயன் டிரைவரிடம் சத்தமாகவே சொன்னான். முன் சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

காத்தவராயனுக்கு ஓர் ஆசை இருந்தது. மாநில கிரேடு ரெஃப்ரி ஆகவேண்டும். சட்டையில் ஒரு பேட்ஜ், வெளி மாவட்ட ஆட்டங்கள், அவ்வளவுதான். லோகநாயகிக்கு அது விளங்கவில்லை.

"ஞாயித்துக்கெழமையானா அரை டவுசர் போட்டுக்கினு ஓடுறீங்க. அத சட்டையில தச்சிக்கினா என்னா ஆவப்போவுது?"

"என் கண்ணு பாக்குறது கரெக்டுன்னு எழுதிக் குடுக்குறாங்கடி. அதுதான்."

இதைச் சொல்லும்போது அவன் குரல் தணிந்தது. பஸ்ஸில் அவன் நடிப்பைக் கண்டுபிடித்துச் சொன்னால் சண்டை வரும், முதலாளியிடம் புகார் போகும், கடைசியில் அவன்தான் பல்லைக் காட்டவேண்டும். மைதானத்தில் மட்டும்தான் அவன் கண்டதைக் கண்டபடி சொன்னால் இருபத்திரண்டு பேரும் கேட்டார்கள். அதற்கு ஒரு முத்திரை வேண்டுமென்று அவன் ஏங்கினான். இதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் தன் கண்மேல் அவனுக்கு இருந்த நம்பிக்கை கொஞ்சம் ஜாஸ்தி.

2007இல் எழுத்துத் தேர்வு ஆங்கிலத்தில் இருந்ததால் கோட்டைவிட்டான். 2009இல் அதில் தேறினான், ஆனால் ஓட்டப் பரீட்சையில் கடைசிச் சுற்றில் தொடை பிடித்துக்கொண்டது. 2011இல் இரண்டையும் முடித்துவிட்டான். மிச்சம் இருந்தது ஒரு ஆட்டம் நடத்திக் காட்டுவது. அந்த டிசம்பரோடு அவனுக்கு வயது வரம்பும் தாண்டுகிறது. இதை விட்டால் வேறு வருஷம் கிடையாது.

ஜூலை மாதம் மஞ்சக்குப்பம் மைதானத்தில் ஒரு போட்டி நடந்தது. அதில் அரையிறுதி ஆட்டம், சிதம்பரமும் திருச்சியிலிருந்து வந்த ஒரு டீமும். மார்க் போடச் சென்னையிலிருந்து ஞானசேகரன் என்று ஒருவர் வந்திருந்தார். வெள்ளைத் தொப்பி, மூக்குக் கண்ணாடி, கையில் ஒரு அட்டை. ஆட்டத்துக்கு முன்னால் காத்தவராயனைக் கூப்பிட்டு நிதானமாகச் சொன்னார்.

"தொண்ணூறு நிமிஷமும் நீங்களே நடத்தணும். நடுவுல அடிபட்டோ உடம்புக்கு முடியாமலோ வெளிய போனீங்கன்னா மார்க் போட முடியாது. அது ஃபெயில் இல்ல, இன்னொரு தேதி குடுப்போம். முழுசா நடத்திட்டு மார்க் கம்மியா வாங்கினா அதோட சரி."

காத்தவராயன் தலையாட்டினான். இரண்டு விசில் மட்டும் வேண்டாம் என்று ராபர்ட் காலையிலிருந்து நான்கு முறை நினைவுபடுத்தியிருந்தான். காத்தவராயனும் பஸ்ஸிலேயே மூன்று நாளாக விசிலைத் தொடாமல் பக்கவாட்டைத் தட்டித்தான் வண்டியை எடுக்கச் சொல்லிக்கொண்டிருந்தான்.

முதல் பாதி அருமையாகப் போனது. இருபதாவது நிமிடம் அன்பரசு வழக்கம்போல விலாசம் பார்த்துவிட்டு விழுந்தான். காத்தவராயன் ஒரே விசிலில் நிறுத்தி, நடித்ததற்காக மஞ்சள் கார்டு காட்டினான். ஞானசேகரன் அட்டையில் குறித்துக்கொண்டு தலையசைத்ததை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டான். நெஞ்சு நிமிர்ந்தது.

அறுபதாவது நிமிடம். பந்து திருச்சி பாக்ஸுக்குள் இருந்தது. அன்பரசு மறுபடியும் விழுந்தான். காத்தவராயனுக்கு எரிச்சல் உச்சந்தலைக்கு ஏறியது. எழுந்திருடா என்று கை மேலே போனபோது விசில் ஏற்கெனவே வாயில் இருந்தது. பீப் பீப்.

சிதம்பரத்துக்காரர்கள் பதினோரு பேரும் ஓடிக்கொண்டே இருந்தார்கள். திருச்சிக்காரர்கள் பதினோரு பேரும் நின்றுவிட்டார்கள். விசில் அடித்தாகிவிட்டது, தங்களுக்குத்தான் ஃப்ரீ கிக் என்று நினைத்து, அவர்கள் ஸ்டாப்பர் பேக் பந்தைக் கையில் எடுத்து அக்குளில் வைத்துக்கொண்டான். உடனே சிதம்பரம் மொத்தமும் "ஹேண்டு பால்! பெனால்டி!" என்று கத்தியது. கூட்டமும் கத்தியது. திருச்சி கேப்டன் காத்தவராயன் முன்னால் வந்து நின்றான்.

"விசில் குடுத்தீங்களா இல்லியா சார்?"

"குடுத்தேன்."

"அப்ப நிப்பாட்டுனீங்களா, இல்லியா?"

காத்தவராயன் என்ன சொல்வான்? இது எங்கள் ஊரில் கிளம்பு என்று அர்த்தம் என்றா? புத்தகப்படி ஆட்டம் நின்றுபோய்விட்டது. ரெஃப்ரியே பந்தைக் கீழே போடுகிற டிராப் பால் போட்டுத்தான் மறுபடி தொடங்கவேண்டும். போட்டான். சிதம்பரம் டீம் துரோகி என்று திட்டியது, திருச்சி டீம் சிரித்தது. சிரித்ததுதான் அவனைச் சுட்டது. கோட்டுக்கு வெளியே ஞானசேகரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, அட்டையில் எழுத ஆரம்பித்தார். எழுதிக்கொண்டே இருந்தார். பக்கத்தைத் திருப்பியும் எழுதினார்.

முடிந்தது என்று காத்தவராயனுக்குத் தெரிந்துவிட்டது. அதற்கு அப்புறம் பத்து நிமிடம் அவன் ஆட்டத்துக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தான், எதையும் பார்க்கவில்லை. காலையில் அவர் சொன்ன வார்த்தைதான் மண்டைக்குள் ஓடியது. நடுவில் வெளியே போனால் ஃபெயில் இல்லை, இன்னொரு தேதி. இன்னும் இருபது நிமிடம் இருக்கிறது. முழுசாக நடத்தினால் இந்த ஜென்மத்துக்கு அவ்வளவுதான்.

எழுபத்திரண்டாவது நிமிடம் பந்து மைதானத்தின் மறுமுனைக்குப் போனது. எல்லார் கண்ணும் அங்கே இருந்தது. ஓடிக்கொண்டிருந்த காத்தவராயன் விழுந்தான்.

சகிக்கவில்லை. அவ்வளவு கேவலமாக அந்த மைதானத்தில் அதற்கு முன்னால் யாரும் விழுந்ததில்லை. முதலில் வேகத்தைக் குறைத்தான், அப்புறம் நின்றான் என்றே சொல்லலாம், அப்புறம் குளத்துப் படியில் உட்காருகிறவன் மாதிரி கையை ஊன்றிப் பக்கவாட்டில் சரிந்தான். மடங்கியது வலது கால். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டது இடது முழங்காலை. "ஆ" என்று ஒரு சத்தம் கொடுத்தான், பல் டாக்டரிடம் வாய் காட்டுகிறவனைப் போல. ஐந்து வருஷமாக ஊரில் உள்ளவன் விழுவதையெல்லாம் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துக் காட்டிய மனுஷனுக்கு, தான் விழும் நேரத்தில் எந்தக் கால் என்பதுகூட நினைவில்லை.

ராபர்ட் கொடியைக் காட்டி ஆட்டத்தை நிறுத்தினான். ஆட்டக்காரர்கள் வந்து சுற்றி நின்றார்கள். ஞானசேகரன் அட்டையோடு உள்ளே நடந்து வந்தார். காத்தவராயன் தலைமாட்டில் நின்று, இடுப்பில் கைவைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"என்ன ஆச்சு?"

"முட்டி சார். முட்டியில..."

"எப்படி? பக்கத்துல யாருமே இல்லையே?"

காத்தவராயன் இடது முழங்காலை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான். கீழே படுத்துக்கொண்டு பார்த்தால் மனிதர்களின் முகம் எப்படி இருக்கும் என்பதை அவன் அன்றைக்குத்தான் பார்த்தான். எல்லார் முகத்திலும் ஒரே சந்தேகம். ராபர்ட் முகத்தில் அதைவிட மோசமாக, வெட்கம்.

அப்போது அன்பரசு ஆட்களை விலக்கிக்கொண்டு வந்து அவன் பக்கத்தில் மண்டியிட்டான். இடது முழங்காலிலிருந்து அவன் கையை மெல்ல எடுத்து வலது முழங்காலில் வைத்தான். நிமிர்ந்து ஞானசேகரனைப் பார்த்தான்.

"நான்தான் சார் இடிச்சேன். பின்னால வேகமா வந்தேன், அவர பாக்கல. என் முட்டி அவரு காலுல பட்டுடுச்சி."

"நீயா? நான் பாக்கலையே."

"பந்து அங்க இருந்துச்சி சார், யாரும் பாத்திருக்க மாட்டாங்க. பெனால்டி குடுக்கலன்னு ஆத்திரத்துலதான் சார் வந்தேன். தப்புதான்."

ஞானசேகரன் அதை அட்டையில் குறித்துக்கொண்டார். அப்புறம் ராபர்ட் பக்கம் திரும்பினார். மிச்ச ஆட்டத்தை ராபர்ட் நடத்தவேண்டும், ரெஃப்ரிமேல் ஆத்திரத்தில் மோதினேன் என்று ஒருவன் ஒப்புக்கொண்டால் குறைந்தது ஒரு மஞ்சள் கார்டாவது காட்டவேண்டும் என்றார். அன்பரசுவுக்கு முதல் பாதியிலேயே ஒரு மஞ்சள் விழுந்திருந்தது. இன்னொன்று விழுந்தால் சிவப்பு. சிவப்பு விழுந்தால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டம் கிடையாது. அந்த இறுதி ஆட்டத்தைப் பார்த்து வேலைக்கு ஆள் எடுக்க ஒரு அரசுத் துறை டீமிலிருந்து வருகிறார்கள் என்பதும், அன்பரசுவைத்தான் முதலில் கேட்டார்கள் என்பதும் மைதானத்தில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். காத்தவராயனுக்கும் தெரியும்.

ராபர்ட்டின் கை சட்டைப்பைக்குள் போய் அங்கேயே நின்றது. அவன் காத்தவராயனைப் பார்த்தான். ஒரு வார்த்தை போதும். இல்லை சார், அவன் என்னைத் தொடவில்லை என்று சொன்னால் போதும். தன் வாழ்நாளில் அந்த வாக்கியத்தை அவன் ஆயிரம் தடவை சொல்லியிருப்பான். காத்தவராயன் கண்ணை மூடிக்கொண்டான்.

மஞ்சள், அப்புறம் சிவப்பு. அன்பரசு சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் வெளியே போனான். காத்தவராயனை நான்கு பேர் தூக்கிக்கொண்டு போய் பெஞ்சில் கிடத்தி, வலது முழங்காலில் ஐஸ் வைத்தார்கள். மரத்துப்போகிற அளவுக்கு வைத்தார்கள்.

மறுநாளிலிருந்து முழங்காலில் கிரேப் பேண்டேஜ் சுற்றிக்கொண்டு டிக்கெட் கிழித்தான். நடிகர்களைப் பார்த்தாலே பொங்குகிறவன் ஒரு வாரம் பஸ்ஸுக்குள் நொண்டிக்கொண்டு நடந்தான். பயணிகள் எழுந்து இடம் கொடுத்தார்கள். வாங்கி உட்கார்ந்துகொண்டான். புதன்கிழமை ராபர்ட் ஸ்டாண்டுக்கே வந்தான்.

"மச்சான், இன்னும் நாலு நாள் இருக்கு. அந்த மெட்ராஸ்காரருக்கு ஒரு போன் போட்டு சொல்லிடு. பையன் பொழச்சிப் போவான்."

"சொன்னா என்னை ஒரேயடியா தூக்கிடுவாங்கடா."

"தெரியும். அதான் சொல்லச் சொல்றேன்."

காத்தவராயன் சொல்லவில்லை. பத்து பேரோடு ஆடி அரையிறுதியை ஜெயித்திருந்த சிதம்பரம், அன்பரசு இல்லாமல் இறுதி ஆட்டத்தில் தோற்றது. ஆள் எடுக்க வந்தவர்கள் வேறு இரண்டு பேரைக் குறித்துக்கொண்டு போனார்கள். செப்டம்பரில் காத்தவராயனுக்கு விழுப்புரத்தில் இன்னொரு தேதி கொடுத்தார்கள். விசிலை அளந்து அளந்து ஊதினான். தேறினான். பேட்ஜ் தபாலில் வந்தது, லோகநாயகி தைத்துக் கொடுத்தாள். ராபர்ட் அதற்கப்புறம் அவனுக்கு லைன்ஸ்மேனாக வரவில்லை. ஃபேக்டரியில் வேலை ஜாஸ்தி என்று சொல்லி அனுப்பினான்.

டிசம்பர் கடைசியில் புயல் வந்து மாவட்டத்தையே புரட்டிப் போட்டது. அடுத்த வருஷம் கரண்ட் இருந்த நேரத்தைவிட இல்லாத நேரம்தான் அதிகம். ஆகஸ்ட் மாதம் ஒரு மத்தியானம், புதுச்சத்திரத்தில் இரண்டு காலி கேன்களோடு ஒருவன் ஏறினான். அன்பரசு. செல்போன் டவர்களில் ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றுகிற வேலை பார்ப்பதாகச் சொன்னான். சட்டையெல்லாம் டீசல் வாடை. பஸ்ஸில் கூட்டம் இல்லை. காத்தவராயன் டிக்கெட் கொடுத்துவிட்டு நகராமல் அங்கேயே நின்றான்.

"காலு எப்டி இருக்கு சார்?" என்று அன்பரசு கேட்டான். கிண்டலா இல்லையா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

"அன்னிக்கி ஏன்யா அப்டி சொன்ன?"

"வேற என்னா சார் பண்றது? அவ்ளோ மோசமா உழுந்தீங்க. மடங்குனது ஒரு காலு, நீங்க புடிச்சிக்கினு இருந்தது ஒரு காலு. எவன் நம்புவான்?"

"நம்பலன்னா போவுது. நான் மாட்டிக்கினா உனக்கென்னா? அஞ்சி வருஷமா உன்ன எழுந்திரு எழுந்திருன்னு தொரத்துனவன் நான்."

அன்பரசு கேன் மூடியைத் திருகிக்கொண்டே சிரித்தான். அந்தச் சிரிப்பில் கோபம் இருந்திருந்தால் காத்தவராயனுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். இல்லை.

"நாம கீழ கெடப்போம், ஒரு ஆளு தலமாட்டுல நின்னுக்கினு நம்பாம பாப்பான் பாருங்க சார், அது எனக்குத் தெரியும். அவரு உங்கள அப்டிப் பாத்தாரு. என்னால முடியல, ஓடியாந்துட்டேன். கார்டு வரும்னுல்லாம் அப்ப தோணல."

அன்பரசு கேனைக் காலடியில் நகர்த்தி வைத்தான்.

"நீங்க எனக்குப் பதினேழு தடவ எழுந்திரு சொல்லியிருக்கீங்க சார். நான் எண்ணி வச்சிருக்கேன். பொய் சொல்ல மாட்டேன், முக்காவாசி நடிப்புதான். நாலு தடவ நெசமாவே அடி."

பி.முட்லூர் வந்துவிட்டது. அன்பரசு கேன்களை எடுத்துக்கொண்டு இறங்கினான். காத்தவராயன் படிவரைக்கும் பின்னாலேயே போனான்.

"எந்த நாலு?"

"உடுங்க சார், அதெல்லாம் எப்பவோ நடந்தது."

"சொல்லிட்டுப் போய்யா. எந்த நாலு?"

டிரைவர் ஹாரன் அடித்தார். அன்பரசு ரோட்டைத் தாண்டி டவர் இருக்கும் பக்கம் நடந்தான். பஸ் கிளம்பியது. காத்தவராயன் கண்டக்டர் சீட்டில் போய் உட்கார்ந்து, சிதம்பரம் வந்துசேரும்வரை அந்தப் பதினேழு தடவையையும் ஒவ்வொன்றாக யோசித்துப் பார்த்தான். எந்த ஆட்டம், எந்த மூலை, மேலே போன கை, திறந்த வாய், எல்லாம் தெளிவாக நினைவுக்கு வந்தன. பதினேழிலும் அவனுக்கு நடிப்பு மட்டும்தான் தெரிந்தது.